காட்சியும் சாட்சியும்

பழனி மலைத்தொடரின் மேற்புறத்தே, கோடைக்கானல் நகரிலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவில் பூம்பாறை என்னும் சிற்றூர் அமைந்திருக்கின்றது. மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி அமைத்த தோட்டங்கள். அவற்றின் நடுவே ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் வீடுகள். ஊருக்குள் குழந்தை வேலப்பர் ஆலயம். இங்கு விளையும் மலைப்பூண்டு பெயர் பெற்றது. கோடைக்கானல் மலைப்பூண்டு என்ற பெயரில் 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோட்டத்திலிருந்து மூட்டையாகக் கட்டப்பெறும் பூண்டு, மலை இறங்கிப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்குச் செல்கின்றது.

சாலை வளைவிலே வண்டியை நிறுத்திப் பள்ளத்தில் தெரியும் பூம்பாறையைப் படம் பிடித்துக்கொண்டு போகாத சுற்றுலாப் பயணி அரிது. அவர் பிடித்துச் செல்லும் படத்திலே படிக்கட்டுத் தோட்டம் இருக்கும். அதில் குனிந்து களை பறிப்பவளின் முகம் இராது. நமது வணிகத் திரைப்படங்கள் கோடைக்கானலை நெடுங்காலமாகப் பார்த்து வந்த பார்வையும் ஏறத்தாழ இதுவே. பைன் மரங்களின் நிழலில் காதலர் பாடினர். ஏரியில் படகு மிதந்தது. மேகம் வந்து மறைத்தது. 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த 'குணா' திரைப்படம், அதுவரை சாத்தானின் சமையற்கூடம் என்று வெள்ளையர் இட்ட பெயரால் அறியப்பட்ட குகைக்கே தன் பெயரைக் கொடுத்துவிட்டது. 2024-ஆம் ஆண்டில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படம் அதே குகையை மீண்டும் பேசவைத்தது. இவை நல்ல படங்கள் அல்ல என்று சொல்வது நம் கருத்தன்று. இவற்றிலே மலை ஒரு காட்சி. வருபவர்களின் கதைக்கு அது பின்திரை. மலையில் வாழ்பவர்களின் கதையைக் கேட்டுச் சொல்லும் திரைப்படங்களும் உண்டு. அவற்றைப் பெரிய திரையரங்குகளில் நாம் காண்பது அரிது. அவை எங்கே பிறக்கின்றன, எங்கே காட்டப்பெறுகின்றன, அவற்றின் வரலாறு என்ன, அதில் நம் சமுதாயத்திற்கு உள்ள பங்கு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரைப்படக் கழகங்கள்

இந்தியாவில் வணிகச் சந்தைக்கு வெளியே படம் பார்க்கும் வழக்கம் சுதந்திரத்தோடு உடன்பிறந்தது எனலாம். சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் அவர்தம் நண்பர்களும் கல்கத்தா திரைப்படக் கழகத்தைத் தொடங்கிய ஆண்டு 1947. ஐந்தாண்டுகளுக்குப் பின்னர், 1952-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் முதல் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிற்று. அது அங்கேயே முடிந்துவிடாமல் சென்னை, டில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களுக்கும் சென்றது. வேலைக்காகத் தெருத்தெருவாய்த் தன் சைக்கிளைத் தேடி அலையும் ஒரு தந்தையையும் மகனையும் பற்றிய இத்தாலியப் படம் அவ்விழாவிலே காட்டப்பட்டது. அரண்மனையும் அரிதாரமும் இன்றித் தெருவிலே படம் எடுக்கலாம் என்பதை நம் நாட்டு இளைஞர் பலர் நேரிற் கண்டுகொண்டது அப்போதுதான்.

சென்னைத் திரைப்படக் கழகம் 1957-ஆம் ஆண்டில் தோன்றிற்று. 1959-ஆம் ஆண்டின் இறுதியில் இத்தகைய கழகங்கள் ஒன்றுகூடி இந்தியத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பை ஏற்படுத்தின. ராய் அதன் தலைவர். தமிழகத்தோடு நெருங்கிய தொடர்புடைய அம்மு சுவாமிநாதன் துணைத் தலைவர்களுள் ஒருவர். 1965-ஆம் ஆண்டில் அடூர் கோபாலகிருஷ்ணனும் அவர்தம் தோழர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா கழகத்தைத் தொடங்க, கேரளத்தில் ஊர்தோறும் கழகங்கள் முளைத்தன.

தமிழகத்திலோ நிலை வேறு. கொட்டகையும் அரசியலும் கைகோத்து நடந்த நாடு இது. ஆயிரக்கணக்கான டூரிங் டாக்கீஸ்களும் அரங்குகளும் இருந்த மண்ணில், கொட்டகைக்கு ஒவ்வாத படத்திற்கு ஓரிடம் தேடுவது கடினமாயிற்று. ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கி 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'உன்னைப்போல் ஒருவன்' தேசிய விருதுச் சான்று பெற்றது. ஆயினும் வணிக விநியோகம் அதனை வாழவைக்கவில்லை. ஜான் ஆபிரகாம் இயக்கி, வெங்கட் சாமிநாதன் எழுதிய 'அக்கிரகாரத்தில் கழுதை' 1977-ஆம் ஆண்டுப் படம். சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பல்லாண்டுகள் கழித்து, 1989-ஆம் ஆண்டில் தூர்தர்ஷன் அதனை ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்புக்கு அஞ்சிப் பின்வாங்கிற்று. விருது பெற்றும் விளக்கின் முன் வராத படம் எனில் அதற்கு இதுவே சான்று.

அந்த ஜான் ஆபிரகாமே மற்றொரு வழியையும் காட்டினார். 1984-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டை மையமாகக் கொண்டு 'ஒடேசா' என்ற கூட்டு முயற்சியை அவரும் நண்பர்களும் தொடங்கினர். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். சார்லி சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைக் காட்டி, மக்களிடம் சிறுசிறு தொகைகளாகப் பணம் திரட்டினர். அப்பணத்தில் எடுக்கப்பெற்றதே 1986-ஆம் ஆண்டின் 'அம்ம அறியான்'. முதலாளி இல்லாத படம், பார்ப்பவரே முதலீட்டாளர். அடுத்த ஆண்டே ஜான் மறைந்தார். எனினும், படம் காட்டுபவன் மக்களிடம் செல்ல வேண்டும் என்று அவர் போட்ட பாதை தென்னகத்துச் சிறுவிழாக்கள் அனைத்திற்கும் முன்மாதிரியாய் நின்றது.

கத்தரிக்கோலும் நீதிமன்றமும்

இப்பாதையில் முஸ்லிம்களின் பங்கு சிறிதன்று. குவாஜா அஹ்மத் அப்பாஸ் என்னும் பெயரை இன்றைய இளைஞர்கள், அமிதாப் பச்சனுக்கு முதல் வாய்ப்பளித்த இயக்குநர் என்ற அளவில்தான் அறிவர். வங்கப் பஞ்சத்தைப் பற்றி 1946-ஆம் ஆண்டில் அவர் இயக்கிய 'தர்த்தி கே லால்', மக்கள் நாடக மன்றத்தின் கூட்டு உழைப்பில் பிறந்தது. அதே ஆண்டில் கான் விழாவில் உயர்ந்த பரிசு பெற்ற படங்களுள் ஒன்றான 'நீச்சா நகர்' படத்தின் திரைக்கதையிலும் அவர் கை உண்டு.

நம் கட்டுரைக்கு மிகவும் வேண்டப்படுவது அவருடைய பதினாறு நிமிடக் குறும்படம் ஒன்று. கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலும் செல்வரின் மாளிகைகளையும், அவற்றைக் கட்டியவரின் குடிசைகளையும் அடுத்தடுத்துக் காட்டும் படம் அது. அதில் பம்பாய்ப் பரத்தையர் தெரு ஒன்றும் இடம்பெற்றிருந்தது. அதனைக் காரணங்காட்டித் தணிக்கைத் துறை அனைவரும் பார்க்கலாம் என்ற சான்றிதழை மறுத்தது. அப்பாஸ் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கும்போதே, வெட்டின்றிச் சான்றிதழ் தருவதாக அரசு இறங்கி வந்தது. அத்துடன் வழக்கை முடித்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கலாம். அவரோ தணிக்கை முறையையே கேள்விக்குள்ளாக்கித் தம் மனுவைத் திருத்தினார். தம் ஒரு படத்திற்காக வழக்காடத் தொடங்கியவர், இனி எடுக்கப்படவிருக்கும் படங்கள் எல்லாவற்றிற்காகவும் வழக்காடினார்.

1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் தலைமை நீதிபதி முகம்மது ஹிதாயத்துல்லாஹ் தீர்ப்பு வழங்கினார். திரைப்படம் மற்றக் கலைகளைவிட ஆழமாக உணர்ச்சியைத் தொடுவதால் முன்தணிக்கை செல்லும் என்றார். அதே வேளையில், சமூகத்தின் இழிவைக் காட்டுவதே குற்றமாகாது என்றும், கலைக்கு இடம் விட்டே அளவுகோல் அமைய வேண்டும் என்றும் அவர் தீர்ப்பு வலியுறுத்திற்று. தணிக்கையாளரின் முடிவை எதிர்த்து முறையிடத் தனி மன்றம் வேண்டும் என்ற எண்ணம் இவ்வழக்கின் வழியே உறுதிப்பட்டது. 1983-ஆம் ஆண்டில் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உருவாயிற்று. தனுஷ்கோடி மீனவர்களின் துயரைப் பேசிய லீனா மணிமேகலையின் 'செங்கடல்' படத்தைத் தணிக்கை வாரியம் மறுத்தபோது, 2011-ஆம் ஆண்டில் அதற்கு வழி திறந்தது அத்தீர்ப்பாயமே. 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் அது கலைக்கப்பட்டது. இப்போது முறையீட்டாளர் உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டும். பெருமுதலாளிக்கு அது ஒரு செலவு. சிறு படம் எடுத்தவனுக்கோ அது பெரும்பாலும் கதவடைப்பு.

மதுரையின் டிசம்பர்

தொண்ணூறுகளில் வீடியோக் கேமரா கைக்கெட்டும் விலைக்கு வந்தது. படச்சுருளும் ஆய்வுக்கூடமும் இன்றிப் படம் எடுக்கலாம் என்ற நிலை பிறந்தது. எடுத்த படத்தைக் காட்டுவதற்கு இடம்தான் இல்லை. இக்குறையை நீக்க 1998-ஆம் ஆண்டில் மதுரையில் ஒரு முயற்சி தொடங்கிற்று. ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதனும் 'மறுபக்கம்' அமைப்பினரும் தொடங்கிய மதுரைப் பன்னாட்டு ஆவணப்பட, குறும்பட விழா அது. செங்கம்பளம் விரிக்காத விழா. நட்சத்திரம் வாராத விழா. கல்லூரி அரங்கோ சிறு மன்றமோ கிடைத்த இடத்தில் திரை கட்டி, படம் முடிந்ததும் விளக்கேற்றி, எடுத்தவரையும் பார்த்தவரையும் எதிரெதிரே அமர்த்திப் பேசவைக்கும் விழா.

இவ்விழா பல ஆண்டுகளில் டிசம்பர் 6 முதல் 10 வரை நடைபெற்று வந்திருக்கின்றது. அந்நாட்களின் பொருளை நம் வாசகர்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. 1956-ஆம் ஆண்டு டிசம்பர் 6 அண்ணல் அம்பேத்கர் மறைந்த நாள். 1992-ஆம் ஆண்டு டிசம்பர் 6 பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்ட நாள். டிசம்பர் 10 மனித உரிமைகள் நாள். ஒரு துயரில் தொடங்கி ஓர் உரிமையில் முடியும் ஐந்து நாட்கள் என்று அவற்றைக் கொள்ளலாம்.

அமுதனின் படங்களுள் 2003-ஆம் ஆண்டின் 'பீ' குறிப்பிடத்தக்கது. மதுரைத் தெருவொன்றில் மலம் அள்ளும் பெண்ணொருத்தியின் ஒரு காலை வேளையை அது காட்டுகின்றது. பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள விரும்புவார், படம் விடாது. பல ஆண்டுகளுக்குப் பின், 2017-ஆம் ஆண்டில், இதே கொடுமையைத் தமிழகமெங்கும் அலைந்து பதிவு செய்தார் திவ்யபாரதி. 'கக்கூஸ்' என்ற அவரது படத்தைத் திரையிட முயன்ற இடங்களில் காவல்துறை தடுத்தது. படமோ இணையத்தின் வழியே இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. அதே மதுரை மண்ணிலிருந்து எழுந்த மற்றோர் இளைஞர் பி.எஸ். வினோத்ராஜ். அவரது 'கூழாங்கல்' 2021-ஆம் ஆண்டில் ராட்டர்டாம் விழாவின் தலையாய டைகர் விருதைப் பெற்றது. அவ்விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுவே. உலகம் பாராட்டிய அப்படம், நம்மூர்த் திரையரங்கில் அன்றி 2023-ஆம் ஆண்டில் இணையத் திரையில்தான் வெளிவந்தது.

மலையில் உறைந்த பாதரசம்

மீண்டும் மலைக்கு வருவோம். மலையில் வாழ்பவரின் கதை என்று தொடக்கத்தில் குறித்தோம். தேனி மாவட்டத்துத் தொழிலாளரைப் பற்றி லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து மலை ஏறி இறங்கும் ஒருவன், தனக்கென்று ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகின்றான். அவ்வளவே கதை. திரையரங்குக்கு வருமுன்னர் அது விழாக்களில் காட்டப்பெற்றது. மலையைப் பின்திரையாக்காமல் வாழ்விடமாகக் கண்ட அரிய தமிழ்ப் படங்களுள் அது ஒன்று.

கோடைக்கானலின் கதையோ கற்பனையில் விளைந்ததன்று. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்னும் ஊரில் இருந்த தெர்மாமீட்டர்த் தொழிற்சாலை அங்கே மூடப்பட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் கோடைக்கானலுக்குப் பெயர்க்கப்பட்டது. பாண்ட்ஸ் நிறுவனம் அதனை நடத்தியது. அந்நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் இந்துஸ்தான் லீவருடன் இணைந்தபோது தொழிற்சாலையும் கைமாறிற்று. பாம்பார்ச் சோலையின் விளிம்பிலே அமைந்த அவ்வாலையில் மலையூர்களின் இளைஞரும் பெண்டிரும் வேலைக்குச் சேர்ந்தனர். குளிர்ந்த மலையில் கூலி கிடைத்தது. கையில் உருளும் வெள்ளி நிறத் திரவம் ஆவியாகி நுரையீரலுக்குள் போகும் என்பதை அவர்கள் முறையாக அறிவிக்கப்படவில்லை என்பதே அவர்தம் குற்றச்சாட்டு.

2001-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உண்மை தெருவுக்கு வந்தது. மூஞ்சிக்கல் பகுதியில், பேச்சு வழக்கில் நாம் காயலான் கடை என்று சொல்லும் பழம்பொருட் கிடங்கு ஒன்றில், பாதரசம் தோய்ந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் அளவுக்குக் குவிந்து கிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிச் சென்றது. ஆயினும் மண்ணில் இறங்கியதும் மனித உடலில் இறங்கியதும் கப்பலேறவில்லை. அச்சோலையில் பெய்யும் மழைநீர் மலை இறங்கிப் பெரியகுளம் பக்கமாக வைகைப் படுகையைச் சேர்கின்றது என்பதை எண்ணினால், இது மலையவரின் துயர் மட்டுமே என்று மதுரை வாசியும் ஒதுங்கியிருக்க இயலாது.

முன்னாள் தொழிலாளர்கள் 2006-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். செய்தித்தாள்கள் அவ்வப்போது எழுதின, பின்னர் மறந்தன. இந்நிலையில்தான் அமுதன் 2011-ஆம் ஆண்டில் 'மெர்க்குரி இன் த மிஸ்ட்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். பனிமூட்டத்தில் பாதரசம் என்பது அப்பெயரின் பொருள். சுற்றுலாப் பயணி புகைப்படம் எடுக்கும் அதே பனிமூட்டத்தினுள்ளே, அவர் காணாத மனிதர்கள் இருக்கின்றனர் என்பதை அத்தலைப்பே உரைத்துவிடுகின்றது. இத்தகைய படத்திற்குக் கொட்டகை முதலாளி நாள் ஒதுக்க மாட்டார். சிறுவிழாவும், கல்லூரி மன்றமும், தொழிற்சங்கக் கூடமுமே அதன் வீடுகள்.

நான்காண்டுகள் சென்றன. 2015-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் மூன்று நிமிட அளவில் ஒரு பாடற்காட்சி இணையத்தில் வெளிவந்தது. புகழ் பெற்ற அமெரிக்கப் பாடல் ஒன்றின் மெட்டில், கோடைக்கானல் விட்டுக்கொடுக்காது என்ற பொருள்பட அமைந்த அப்பாடலைப் பாடியவர் சோபியா அஷ்ரப். சென்னையில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த இளம்பெண். சில நாட்களிலேயே இலட்சோபலட்சம் பேர் அதைக் கண்டனர். அந்நிறுவனத்தின் உலகத் தலைமையே பதில் கூற வேண்டியதாயிற்று. 2016-ஆம் ஆண்டு மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடனும் அவர்தம் குடும்பத்தினருடனும் நிறுவனம் உடன்பாடு கண்டது. பதினைந்தாண்டுப் போராட்டத்தின் விளைவு அது. தொழிலாளர்களும் சூழலியலாளர்களும் வழக்கறிஞர்களும் இட்ட அடித்தளத்தின் மேலேதான் அப்பாடல் நின்றது என்பதை மறத்தலாகாது. எனினும், கேளாச் செவிகளைத் திருப்பியது அக்காட்சி என்பதையும் மறுத்தலாகாது. மண்ணைத் துப்புரவு செய்யும் அளவைக் குறித்த சர்ச்சை அதன் பின்னரும் நீடித்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம் என்ற வரம்பு போதாது என்றனர் சூழலியலாளர். 2018-ஆம் ஆண்டில் சோபியா மீண்டும் பாடினார். இம்முறை கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும் உடன் பாடினார்.

நமக்காக நின்றவர்கள்

இவ்வரலாற்றை நம் இதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் துயரங்களைத் திரையில் பதிந்தவர் யாவர் என்று எண்ணிப் பாருங்கள். பிரிவினைக்குப் பின் ஆக்ராவில் தவிக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கதையை இஸ்மத் சுக்தாய் எழுத, கைஃபி ஆஸ்மி வசனம் தீட்ட, 'கரம் ஹவா' என்ற பெயரில் படமாக்கியவர் எம்.எஸ். சத்யு. கலவரம் வரும் என்று அஞ்சித் தணிக்கையினர் அதனைப் பல மாதங்கள் நிறுத்தி வைத்தனர். அயோத்தியில் வெறுப்பு திரட்டப்படுவதை மஸ்ஜித் இடிபடுமுன்னரே 'ராம் கே நாம்' என்ற ஆவணப்படத்தில் எச்சரித்தவர் ஆனந்த் பட்வர்த்தன். தேசிய விருது பெற்ற அப்படத்தைத் தூர்தர்ஷன் காட்டுவதற்கு நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. 2002-ஆம் ஆண்டுக் குஜராத் படுகொலைகளை 'ஃபைனல் சொல்யூஷன்' என்ற படத்தில் பதிவு செய்தவர் ராகேஷ் சர்மா.

2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மும்பையில் நடைபெற இருந்த அரசின் ஆவணப்பட விழாவுக்கு, இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றிதழுடன் வர வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. இயக்குநர்கள் நாடெங்கும் எதிர்த்தெழவே நிபந்தனை நீங்கிற்று. ஆனால் கூரிய விமரிசனமுள்ள படங்கள் பல தேர்வில் கழிக்கப்பட்டன. கழிக்கப்பட்டவை அனைத்தையும் திரட்டி, அரசு விழா நடந்த அதே நாட்களில் 'விகல்ப்' என்ற மாற்று விழாவை நடத்திக் காட்டினர் அவர்கள். சர்மாவின் படத்திற்கு அவ்வாண்டு தணிக்கை மறுக்கப்பட்டபோது, அவர் குறுந்தகடுகளை இலவசமாக அளித்தார். பெறுபவர் ஐந்து படி எடுத்து ஐவருக்குத் தர வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அக்டோபரில் தடை நீங்கிற்று.

சத்யுவும் பட்வர்த்தனும் சர்மாவும் நம் சமுதாயத்தில் பிறந்தவர்களல்லர். நமக்காக அவர்கள் சாட்சி நின்றனர். நீதிக்குச் சாட்சி நிற்பதை, அது நமக்கே எதிராக அமையினும் நிற்பதை, மார்க்கம் நம்மீது கடமையாக்கியிருக்கின்றது. அக்கடமையை இத்துறையில் நாம் எந்த அளவுக்கு நிறைவேற்றினோம்?

நமக்கே எதிராக அமையினும் என்றோம். அதனையும் விளக்குதல் வேண்டும். புதுக்கோட்டையை மையமாகக் கொண்டு ஷரீஃபா கானம் அமைத்த பெண்கள் ஜமாஅத்தைப் பற்றித் தீபா தன்ராஜ் 2011-ஆம் ஆண்டில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். மணவிலக்கிலும் வரதட்சணையிலும் நசுங்கிய நம் சகோதரியர், ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஜமாஅத்துகளில் கிடைக்காத நியாயத்தைத் தமக்குள் கூடித் தேடியதை அப்படம் காட்டுகின்றது. துவரங்குறிச்சிக் கவிஞர் சல்மாவைப் பற்றி ஆங்கிலேய இயக்குநர் கிம் லாங்கினோட்டோ எடுத்த படம் 2013-ஆம் ஆண்டில் சண்டான்ஸ் விழாவில் காட்டப்பெற்றது. பருவமெய்திய நாள் முதல் வீட்டிற்குள் அடைக்கப்பட்டு, ஒளிந்து ஒளிந்து எழுதிய ஒரு பெண்ணின் வாழ்வு அது. இவை நம்மை இழிவுபடுத்த வந்த படங்கள் என்று சிலர் சினந்தனர். கண்ணாடி முகத்தின் கறையைக் காட்டினால் கழுவ வேண்டியது முகத்தை.

நம் பங்கு

2013-ஆம் ஆண்டு ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்தை எதிர்த்துத் தமிழக முஸ்லிம் அமைப்புகள் குரல் எழுப்பியதும், அரசு இரு வாரங்கள் தடை விதித்ததும், பேச்சுவார்த்தைக்குப் பின் சில காட்சிகளின் ஒலி நீக்கப்பட்டுப் பிப்ரவரி 7-ஆம் நாள் படம் வெளிவந்ததும் அனைவரும் அறிந்தவை. தொப்பியும் தாடியும் தெரிந்தால் வெடிகுண்டும் தெரியும் என்ற திரைப்பட வழக்கத்தால் புண்பட்ட உள்ளங்களின் வேதனையை நாம் உணர்கின்றோம். அவ்வேதனைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும், அக்கிளர்ச்சியின் முடிவில் நம் கையில் எஞ்சியது யாது? ஒலி நீங்கிய சில நிமிடங்கள். நம் வாழ்வைச் சொல்லும் ஒரு புதிய படம் அதனால் பிறக்கவில்லை. தணிக்கை என்னும் கத்தரிக்கோலை நாம் இன்று பிறர் படத்தின் மேல் நீட்டினால், 'கரம் ஹவா'வின் மேலும் 'ஃபைனல் சொல்யூஷன்' மேலும் விழுந்தது அதே கத்தரிக்கோல் என்பதை மறந்தவராவோம். தவறான சாட்சியத்திற்குத் தக்க மறுமொழி உண்மையான சாட்சியமே.

உருவப்படம் பற்றிய மார்க்க ஆய்வினை உலமாப் பெருமக்களிடமே விட்டுவிடுவோம். அவர்களுள்ளும் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் திருமணத்தில் வீடியோ எடுக்கின்றோம். பயான்களைப் படம்பிடித்து உலகெங்கும் அனுப்புகின்றோம். கைப்பேசி இல்லாத இல்லம் இல்லை. கருவி நம் வீட்டிற்குள் வந்து நெடுநாள் ஆயிற்று. அதனைக் கொண்டு எதைப் பதிகின்றோம் என்பதே இன்றைய வினா. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலில் கைவெந்தவர்; பீடி சுற்றி இருமும் தாய்மார்; வளைகுடாவில் இருந்து வெறுங்கையோடு திரும்பியவர்; கடலில் வலை இழந்த மரைக்காயர் பட்டினத்து இளைஞர். இவர்களின் கதையை எடுக்க வெளிநாட்டிலிருந்து ஒருவர் வர வேண்டுமென்று காத்திருப்பது அழகா?

பெருஞ்செலவு வேண்டாம். ஒரு வெள்ளைச் சுவர், ஒரு புரொஜெக்டர், நூறு பாய்கள் போதும். நம் ஊர்தோறும் திருமண மண்டபங்கள் உண்டு. நம்மவர் நிறுவிய கல்லூரிகள் சென்னையிலும் திருச்சியிலும் வாணியம்பாடியிலும் அதிராம்பட்டினத்திலும் பாளையங்கோட்டையிலும் உண்டு. ஆண்டிற்கு இரு நாட்கள் அவற்றின் அரங்குகளைச் சிறுபடங்களுக்குத் திறந்துவிடலாகாதா? நம்மைப் பற்றிய படங்களை மட்டுமன்றி, மலம் அள்ளுபவளின் படத்தையும், பாதரசம் சுவாசித்தவனின் படத்தையும் அங்கே நாம் காட்ட வேண்டும். படம் முடிந்த பின் விளக்கேற்றிப் பேச வேண்டும். பெண்களும் அமர்ந்து பார்த்துத் தம் கருத்தைச் சொல்ல இடம் இருக்க வேண்டும்.

கோடைக்கானல் தொழிலாளர்களுள் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர். பாதரசம் அவர்களிடம் சமயம் கேட்கவில்லை. அவர்களுக்காகப் பாடிய பெண்ணும் கேட்கவில்லை. அப்பாஸ் தம் பதினாறு நிமிடப் படத்தை எடுத்தபோது நான்கு நகரத்துக் குடிசைகளில் முஸ்லிம் குடிசை எது என்று தேடவில்லை. அவர்கள் விட்டுச் சென்ற வழி அது. அவ்வழியே நடந்தால், நாளை பூம்பாறையின் படிக்கட்டுத் தோட்டத்தில் குனிந்து நிற்பவள் நிமிர்ந்து பேசும் படம் ஒன்று நம் ஊர் மண்டபத்துச் சுவரில் ஓடும். அதனைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர், அடுத்த முறை அம்மலைச் சாலையில் வண்டியை நிறுத்தும்போது, தோட்டத்தைப் படம் எடுப்பதற்கு முன்னர் தோட்டக்காரியின் பெயரைக் கேட்பார்.